எச்.ஐ.வி. வரலாற்றுப் பலகைகள்: பெண்கள் செய்த வேலையை எப்படி எழுதுவது?

தேன்மொழி கேட்டது:

வணக்கம். உலக எய்ட்ஸ் தினத்துக்காக ஒரு கல்லூரி நூலகத்தில் பத்துப் பலகைகள் வைக்கப்படுகின்றன. பொருள்: எச்.ஐ.வி. எதிர்ப்புப் பணியில் பெண்கள். ஒரு பலகைக்கு 120 சொல்தான் இடம்.

இப்போதைய பட்டியலில் பிரான்சுவாஸ் பாரே-சினூசி, எலிசபெத் கிளேசர், இளவரசி டயானா, சுனிதி சாலமன் ஆகியோர் இருக்கிறார்கள். வரைவுகள் எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை: பிறந்த ஆண்டு, படிப்பு, விருது, கடைசியில் "அயராது உழைத்தார்". அந்தப் பெண் மேசை முன்னால் உட்கார்ந்து என்னதான் செய்தார் என்பது படிப்பவருக்குத் தெரியாமலே போய்விடும்.

விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். பட்டியலில் யார் விடுபட்டிருக்கிறார்கள்? அவர்கள் செய்தது என்ன, படிப்படியாக? அது ஏன் கணக்கில் வரவில்லை? வழக்கமாக அச்சாகும் பிழைகள் இருந்தால் அதையும் சுட்டிக்காட்டினால் உதவியாக இருக்கும்.

---

நுண்ணோக்கி:

"அயராது உழைத்தார்" என்பதை முதலில் வெட்டுங்கள். அது போனாலே இருபது சொல்லுக்கு இடம் கிடைக்கும்.

காலவரிசைப்படி முதல் பலகை சாண்ட்ரா ஃபோர்டுக்குப் போகவேண்டும். அவர் மருத்துவரும் இல்லை, விஞ்ஞானியும் இல்லை. அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையத்தில் (சி.டி.சி.) மருந்து வழங்கும் பிரிவில் இருந்த தொழில்நுட்பப் பணியாளர். பென்டமிடின் என்ற மருந்துக்கு அப்போது அமெரிக்காவில் விற்பனை உரிமம் கிடையாது, சி.டி.சி.யிடம் மட்டுமே இருப்பு. நியூமோசிஸ்டிஸ் நிமோனியாவுக்கு அது தேவைப்பட்டால் மருத்துவர் அங்கே தொலைபேசியில் கேட்கவேண்டும், நோயாளிக்கு எதிர்ப்புச் சக்தி ஏன் குறைந்தது என்ற காரணத்தையும் சொல்லவேண்டும். புற்றுநோய், உறுப்பு மாற்று என்று ஏதாவது ஒன்று படிவத்தில் இருக்கும். 1981 தொடக்கத்தில் வந்த சில கோரிக்கைகளில் அந்தக் காரணமே இல்லை. ஆட்கள் இளவயது ஆண்கள். ஒரு சுற்று மருந்து போதாமல் இரண்டாம் சுற்றும் கேட்கிறார்கள். ஃபோர்ட் இதைக் கவனித்து ஏப்ரலில் மேலதிகாரிக்கு எழுத்தில் தெரிவித்தார். எய்ட்ஸை முதன்முதலில் பதிவுசெய்த, லாஸ் ஏஞ்சலிஸில் ஐந்து பேர் என்ற புகழ்பெற்ற சி.டி.சி. அறிக்கை வெளியானது ஜூன் 5ஆம் தேதிதான். அறிக்கை எழுதியவர்கள் பெயர் நிலைத்தது. படிவத்தைப் படித்தவர் பெயர் அடிக்குறிப்புக்குப் போனது.

பாரே-சினூசி பலகையில் நோபல் பரிசுக்கு ஒரு வரி போதும். மீதியில் 1983 ஜனவரியில் பாஸ்டர் நிறுவனத்தில் நடந்ததை எழுதுங்கள். நோயாளியின் நிணநீர்க் கணுவிலிருந்து எடுத்த செல்களை வளர்த்து, மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை அந்தத் திரவத்தில் ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ் நொதி இருக்கிறதா என்று அளந்தார்கள். ரெட்ரோவைரஸ் (எச்.ஐ.வி. சேர்ந்த வைரஸ் வகை) இருந்தால்தான் அந்த நொதி வரும். ஏறத்தாழ இரண்டு வாரத்தில் அளவு ஏறியது, பிறகு இறங்கத் தொடங்கியது. இங்கேதான் வேலை கெட்டுப்போயிருக்கலாம். அளவு இறங்கியதற்குக் காரணம் செல்களே செத்துக்கொண்டிருந்தது. அன்றைக்குத் தெரிந்திருந்த மனித ரெட்ரோவைரஸ் எச்.டி.எல்.வி. செல்களைப் பெருகவைக்கும், கொல்லாது. அதையே எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தால் வளர்ப்பு முழுவதும் அழிந்திருக்கும். குருதிக்கொடையாளர் ஒருவரின் புதிய வெள்ளையணுக்களைச் சேர்த்தார்கள். நொதி மறுபடி ஏறியது. வைரஸ் கைக்கு வந்தது.

இதை அறிவித்த மே மாதக் கட்டுரையில் பன்னிரண்டு பெயர்கள் உண்டு. அவற்றில் ஃப்ரான்சுவாஸ் ப்ரூன்-வெசினே, கிறிஸ்டீன் ரூசியோ இருவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சிகிச்சையளித்த மருத்துவர் குழுவையும் பாஸ்டர் ஆய்வகத்தையும் இணைத்த கண்ணி ப்ரூன்-வெசினே.

அடுத்து, எச்.ஐ.வி.க்கு ஒப்புதல் பெற்ற முதல் மருந்தான ஏ.இசட்.டி. பொதுவாக "1964இல் ஜெரோம் ஹார்விட்ஸ் உருவாக்கினார், 1987இல் ஒப்புதல் கிடைத்தது" என்று இரண்டே வரியில் தாண்டிவிடுவார்கள். நடுவே இருந்தது பரோஸ் வெல்கம் என்ற மருந்து நிறுவனத்தின் ஆய்வகம். எந்தச் சேர்மத்தைச் சோதிப்பது என்று தேர்ந்தவர் வேதியியலாளர் ஜேனட் ரைட்அவுட். சோதித்தவர் மார்ட்டி செயின்ட் கிளேர். முறை இது: தகட்டில் செல்களைப் பரப்பி எலியின் ரெட்ரோவைரஸை விடுவார்கள். வைரஸ் தாக்கிய இடங்கள் ஓட்டை ஓட்டையாகத் தெரியும், அவற்றை எண்ணுவார்கள். ஏ.இசட்.டி. இட்ட தகட்டில் ஓட்டைகள் காணாமல் போயின. எச்.ஐ.வி.யிலேயே அதைச் சோதித்து உறுதிசெய்தது தேசியப் புற்றுநோய் நிறுவனம், அது 1985. மனிதர்களில் சோதனையை முன்னின்று நடத்தியவர்களில் சாண்ட்ரா லேர்மன் ஒருவர். காப்புரிமையில் கண்டுபிடிப்பாளர்கள் ஐவர், அவர்களில் மூவர் இந்தப் பெண்கள். நிறுவனத்தின் விலைக்கொள்கை மீது இருந்த கோபம் நியாயமானது. ஆனால் அந்தக் கோபத்தில் ஆய்வுமேசையில் இருந்தவர்களையும் மறந்துவிட்டோம். பலகையில் ஒன்றை மறைக்கவேண்டாம்: தொடக்ககால அளவான நாளுக்கு 1500 மில்லிகிராம் மிக அதிகம். எலும்பு மஜ்ஜை அடிபட்டு இரத்தசோகை வந்தது. பின்னாளில் 600ஆகக் குறைத்தார்கள்.

ஃப்ளோசி வாங்-ஸ்டாலையும் விட்டுவிடாதீர்கள். எச்.ஐ.வி.யின் மரபணுவை நகலெடுத்து, எந்தப் பகுதி என்ன செய்கிறது என்று வரைபடம் போட்டவர். அவர் வேலை செய்தது அமெரிக்க விஞ்ஞானி ராபர்ட் காலோவின் ஆய்வகத்தில், அதனால் "காலோ குழு" என்ற இரண்டு சொல்லுக்குள் அவரை அடக்கிவிடுகிறார்கள்.

---

எலைசா:

மேலே சொன்னதற்கு உடன்பாடே. நான் சுனிதி சாலமன் பலகையைப் பற்றி மட்டும் சொல்கிறேன். "இந்தியாவின் முதல் எய்ட்ஸ் நோயாளியைக் கண்டுபிடித்தார்" என்று எழுதியிருந்தால் அதில் இரண்டு பிழைகள்.

முதல் பிழை: 1986இல் சென்னையில் பாலியல் தொழிலில் இருந்த ஆறு பெண்களின் இரத்தத்தில் கண்டது எச்.ஐ.வி.க்கான எதிர்ப்பொருள். தொற்று உறுதியானது, அவ்வளவே. அந்தப் பெண்களுக்கு எய்ட்ஸ் நிலை வந்திருந்ததாக யாரும் சொல்லவில்லை.

இரண்டாவது: இரத்த மாதிரிகளைத் திரட்டியவர் செல்லப்பன் நிர்மலா. சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் முதுநிலை மாணவி. ஆய்வுத் தலைப்பைக் கொடுத்து வழிநடத்தியவர் சுனிதி சாலமன். 'இங்கெல்லாம் அது வராது' என்று பத்திரிகைகளே எழுதிக்கொண்டிருந்த காலம். சென்னையில் மும்பைபோலப் பாலியல் தொழிலுக்கென்று தனிப் பகுதி எதுவும் கிடையாது, ஆகவே மாதிரி எடுக்கவேண்டிய பெண்களைத் தேடுவதே பெரும்பாடு. அரசு பொது மருத்துவமனையின் பால்வினை நோய்ப் பிரிவுக்கு வருபவர்கள் வழியாக விசாரித்து, பாலியல் தொழிலில் பிடிபட்டு காப்பகத்தில் வைக்கப்பட்டிருந்த பெண்களிடம் போய்ச் சேர்ந்தார். மூன்று மாதத்தில் 80க்கு மேற்பட்ட மாதிரிகள். கையுறையோ பாதுகாப்புக் கருவியோ இல்லை. சீரம் பிரிக்கக் கிடைத்த வசதியை வைத்து ஒப்பேற்றி, வீட்டுக் குளிர்பதனப் பெட்டியில் வைத்திருந்து வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரிக்கு எடுத்துச் சென்றார். எலைசா என்ற எதிர்ப்பொருள் சோதனைத் தகட்டில் ஆறு குழிகள் மஞ்சளாயின.

எலைசா மட்டும் போதாது. அன்றைய கருவிகளில் பொய்நேர்மறை கணிசமாக வரும். அதனால் மாதிரிகள் அமெரிக்காவுக்குப் போய் வெஸ்டர்ன் பிளாட் சோதனையில் உறுதியான பிறகே சட்டமன்றத்தில் அறிவிப்பு வந்தது. அதன்பின் சுனிதி சாலமன் செய்தது தனி அத்தியாயம்: 1993இல் ஒய்.ஆர்.ஜி. கேர் தொடங்கி, மருத்துவமனைகள் கதவைச் சாத்திய காலத்தில் சிகிச்சையும் ஆலோசனையும் கொடுத்தார். 2015இல் மறைந்தார், பத்மஸ்ரீ வந்தது 2017இல். அந்தப் பங்கைக் குறைத்து எழுதவேண்டியதில்லை. நிர்மலாவுக்கு ஒரு வரி சேர்க்காமல் இருப்பதுதான் தவறு.

இன்னொன்றும் சொல்லவேண்டும். எதற்காக இரத்தம் எடுக்கிறார்கள் என்பது அந்தப் பெண்களிடம் சொல்லப்படவில்லை. இன்றைய நெறிமுறைக்குழு எதுவும் இதற்கு அனுமதி தராது. நாட்டின் இரத்தப் பரிசோதனைக் கொள்கையையே புரட்டிப்போட்ட தகவல் அவர்களுடைய நரம்பிலிருந்து வந்தது. பெயர் தெரியாது, தெரியாமல் இருப்பதே அவர்களுக்குப் பாதுகாப்பு. பங்கு உண்டு, ஒப்புதல் கேட்கப்படவில்லை என்ற இரண்டையும் பலகையிலேயே சொல்லலாம் என்பது என் கருத்து.

---

வழக்காடு:

ஆய்வகம், மருத்துவமனை என்றே போகிறது. சட்டப் போராட்டம் ஒன்று இந்த வரலாற்றின் கணக்கையே மாற்றியது. அதைச் சேர்க்காவிட்டால் பட்டியல் ஊனம்.

அமெரிக்காவில் ஒருவருக்கு "எய்ட்ஸ்" என்று பதிவாக, 1987 முதல் சி.டி.சி. வைத்திருந்த 23 நோய்களின் பட்டியலில் ஏதாவது ஒன்று வந்திருக்கவேண்டும். அந்தப் பட்டியல் பெரும்பாலும் ஆண் நோயாளிகளிடம் கண்டதை வைத்து எழுதப்பட்டது. காபோசி சார்கோமா என்ற புற்றுநோய் உண்டு, கருப்பை வாய்ப் புற்றுநோய் கிடையாது. விடாமல் திரும்பத் திரும்ப வரும் யோனிப் பூஞ்சைத் தொற்று, இடுப்புக்குழி அழற்சி எதுவும் சேராது. இதனால் வந்த விளைவு வெறும் புள்ளிவிவரக் குறை என்று நினைத்துவிடாதீர்கள். ஊனமுற்றோர் உதவித்தொகை அந்த வரையறையோடு கட்டப்பட்டிருந்தது. படுத்த படுக்கையாக இருந்த பெண்ணுக்கு "உங்களுக்கு எய்ட்ஸ் இல்லை" என்று மனு திரும்பிவரும். "பெண்களுக்கு எய்ட்ஸ் வருவதில்லை, அதில் சாக மட்டும் செய்கிறார்கள்" என்ற, ஆக்ட்-அப் என்னும் எய்ட்ஸ் போராட்ட அமைப்பின் முழக்கத்தின் பொருள் இதுதான்.

வழக்கறிஞர் டெர்ரி மெக்கவர்ன் 1990இல் இதை எதிர்த்து மத்திய சுகாதாரத் துறை மீது வழக்குத் தொடுத்தார். வழக்கில் மனுதாரர்களாகவும் சாட்சிகளாகவும் நின்றவர்கள் பெரும்பாலும் ஏழைப் பெண்கள். கேத்ரினா ஹாஸ்லிப்பை அவசியம் எழுதுங்கள். பெட்ஃபோர்ட் ஹில்ஸ் பெண்கள் சிறையில் இருந்தபோதே, கைதிகள் கைதிகளுக்கு எச்.ஐ.வி. பற்றிச் சொல்லித்தரும் ஏ.சி.இ. குழுவை உருவாக்கியவர்களில் ஒருவர். சிறை நூலகத்தில் சட்டம் படித்தவர். வெளியே வந்ததும் இந்த வரையறைப் போராட்டத்தில் முன்வரிசைக்கு வந்தார்.

1993 ஜனவரி 1 முதல் புதிய வரையறை நடைமுறைக்கு வந்தது. பரவிய கருப்பை வாய்ப் புற்றுநோய், நுரையீரல் காசநோய், ஓராண்டுக்குள் இரண்டு முறையாவது வரும் நிமோனியா ஆகிய மூன்றும் சேர்ந்தன. எச்.ஐ.வி. உள்ளவரின் இரத்தத்தில் சி.டி.4 என்ற எதிர்ப்புச் சக்தி செல்களின் எண்ணிக்கை 200க்குக் கீழே போனாலே போதும் என்றும் ஆயிற்று. அந்த ஆண்டு பதிவான எண்ணிக்கை முந்தைய ஆண்டைவிட இரு மடங்குக்கு மேல். நோய் திடீரென்று பெருகவில்லை, ஏற்கனவே இருந்தவர்கள் கணக்கில் ஏறினார்கள். ஹாஸ்லிப் 1992 டிசம்பரிலேயே இறந்துவிட்டார்.

வரைபடம் போடுவதாக இருந்தால் 1993 உச்சத்துக்குப் பக்கத்தில் இந்தக் குறிப்பு இல்லாமல் அச்சடிக்காதீர்கள். அந்த ஆண்டில் தொற்று வெடித்ததாகத் தவறாக எழுதிய கட்டுரைகள் ஏராளம்.

---

தேன்மொழி:

மிக்க நன்றி. ஒரு துணைக்கேள்வி. நோயாளிப் பெண்களையே பதிவில் எடுக்கவில்லை என்றால், மருந்துச் சோதனைகளில் அவர்கள் எப்படி இடம்பெற்றார்கள்? ஜெல், வளையம், ஊசி என்று பெண்களுக்கான தடுப்பு முறைகளைப் பற்றி ஒரு பலகை வைக்க எண்ணம். அங்கே எதைச் சாதனை என்று எழுதலாம்?

---

மருந்தியல் மாலதி:

முதல் பாதிக்குச் சுருக்கமாக: பெரும்பாலும் இடம்பெறவில்லை. 1977 முதல் அமெரிக்க மருந்து ஆணையத்தின் வழிகாட்டுதல், கருத்தரிக்கக்கூடிய வயதுப் பெண்களைத் தொடக்கநிலைச் சோதனைகளில் சேர்க்கவேண்டாம் என்றது. 1993இல்தான் அதை விலக்கினார்கள். ஆண்களைப் பின்தொடரும் பெரிய ஆய்வு 1984இலேயே தொடங்கிவிட்டது. பெண்களுக்கான அதே மாதிரி ஆய்வுக்கு 1993 வரை காத்திருக்கவேண்டியிருந்தது. இந்த ஒன்பதாண்டு இடைவெளியை ஒரு பலகையில் இரண்டு கோடுகளாகப் போட்டாலே போதும், விளக்கம் வேண்டாம்.

இரண்டாவது பாதிதான் பெரிது. அங்கே "சாதனை" என்று எழுதுவதைவிடத் தோல்வி ஏன் வந்தது என்பதை எழுதினால்தான் படிப்பவருக்கு ஏதாவது கிடைக்கும்.

ஆணுறை போட ஆண் சம்மதிக்கவேண்டும். பெண் தன் கையிலேயே வைத்துக்கொள்ளும் முறை வேண்டும் என்று தென்னாப்பிரிக்காவில் கராய்ஷா அப்துல் கரீம் பல ஆண்டுகள் முயன்றார். 2010இல் வெளியான கேப்ரிசா 004 ஆய்வு அதில் முதல் வெற்றி. 889 பெண்கள். டெனோஃபோவிர் என்ற எச்.ஐ.வி. மருந்து 1% உள்ள ஜெல். ஒரு தடவைக்கு 4 மில்லிலிட்டர், அதாவது 40 மில்லிகிராம் மருந்து. உறவுக்கு முன் 12 மணி நேரத்துக்குள் ஒரு தடவை, உறவுக்குப் பின் 12 மணி நேரத்துக்குள் கூடிய சீக்கிரம் இன்னொரு தடவை, 24 மணி நேரத்தில் இரண்டுக்கு மேல் கூடாது. ஜெல் குழுவில் 38 பேருக்கும் போலி ஜெல் குழுவில் 60 பேருக்கும் தொற்று. 39% குறைவு. ஒழுங்காகப் பயன்படுத்தியவர்களில் 54%.

பிறகு வந்த வாய்ஸ் ஆய்வில் 5,029 பெண்கள். தினமும் மாத்திரை அல்லது தினமும் ஜெல். எதுவும் பலிக்கவில்லை. திருப்பிக் கொடுத்த மிச்ச மாத்திரைகளை எண்ணியபோது பத்தில் ஒன்பது பங்கு சாப்பிட்டதாகக் கணக்கு வந்தது. இரத்தத்தைச் சோதித்தால் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவான மாதிரிகளில்தான் மருந்தே இருந்தது. இதைப் "பெண்கள் பொய் சொன்னார்கள்" என்று எழுதிய கட்டுரைகள் உண்டு. அதை நகலெடுக்காதீர்கள். மாத்திரைக் குப்பியை வீட்டில் பார்த்தால் ஏற்கனவே தொற்று வந்தவள் என்று நினைப்பார்கள். கணவனுக்குத் தெரியாமல் தினமும் ஒன்றை ஒளித்துச் சாப்பிடுவது எளிதா? உடல்நலத்தோடு இருப்பவர் தினமும் மருந்து எடுப்பதே கடினம். பயனில்லாமல் போனது அந்தத் தினசரி முறை. அதை வெளிச்சம் போட்டுக் காட்டியவர்கள் அந்த 5,029 பேர்தான். அடுத்த பத்தாண்டின் ஆராய்ச்சி முழுவதும் அந்தத் தோல்வியைப் படித்துத்தான் திசை திரும்பியது.

உடலியல் காரணமும் ஒன்று உண்டு. கேப்ரிசா மாதிரிகளை நிக்கோல் கிளாட் குழு மீண்டும் ஆராய்ந்து 2017இல் வெளியிட்டது. யோனியில் லாக்டோபாசிலஸ் பாக்டீரியா மிகுந்த பெண்களில் ஜெல் 61% பாதுகாப்புத் தந்தது. அது குறைந்தவர்களில் 18%தான். கார்ட்னரெல்லா போன்ற பாக்டீரியாக்கள் டெனோஃபோவிரை உடைத்துத் தின்றுவிடுகின்றன. ஒழுங்காகப் பூசியும் பலன் கிடைக்காதவர்கள் இருந்தார்கள் என்பது இதிலிருந்து தெரியும்.

வளையம்: 25 மில்லிகிராம் டாபிவிரின் உள்ள சிலிகோன் வளையம். பெண்ணே உள்ளே வைத்துக்கொள்ளலாம், மாதம் ஒருமுறை மாற்றவேண்டும். மருந்து அந்த இடத்திலேயே கசியும், இரத்தத்தில் மிகக் குறைவாகவே சேரும். ஜீடா ரோசன்பெர்க் தொடங்கிய லாபநோக்கற்ற அமைப்பு இதை வளர்த்தெடுத்தது. இரண்டு பெரிய ஆய்வுகளில் 27%, 31% குறைவு. 21 வயதுக்குட்பட்டவர்களில் பலன் தெரியவில்லை. அவர்கள் வளையத்தைத் தொடர்ந்து வைத்திருக்கவில்லை. 2021 ஜனவரியில் உலக சுகாதார நிறுவனம் கூடுதல் வழியாகப் பரிந்துரைத்தது. எண்ணிக்கை சிறியது என்று ஒதுக்குபவர்கள் உண்டு. ஆணிடம் கேட்கவேண்டாத ஒரு வழி இருக்கிறதா என்பதுதான் கேள்வியாக இருந்தது என்பதை அவர்கள் மறந்துவிடுகிறார்கள்.

ஊசி: சினேட் டெலனி-மொரெட்ல்வே தலைமையில் எச்.பி.டி.என். 084 என்ற ஆய்வு. எட்டு வாரத்துக்கு ஒருமுறை 600 மில்லிகிராம் கபோடெக்ராவிர் புட்டத் தசையில். 3,224 பெண்கள், ஊசிக் குழுவில் 4 தொற்று, தினசரி மாத்திரைக் குழுவில் 36. பிறகு லிண்டா-கெயில் பெக்கர் தலைமையில் பர்பஸ் 1 என்ற ஆய்வு: ஆண்டுக்கு இரண்டே முறை, தோலுக்கடியில் லெனகாபவிர். தென்னாப்பிரிக்காவிலும் உகாண்டாவிலும் 16 முதல் 25 வயதுவரையானவர்கள். ஊசி பெற்ற 2,134 பேரில் ஒருவருக்கும் தொற்று இல்லை. கர்ப்பமானவர்கள் விரும்பினால் ஆய்வில் தொடரவும் அனுமதித்தார்கள். 1977 விதியை நினைத்துப் பார்த்தால் இது எவ்வளவு தூரம் என்று விளங்கும்.

---

செவிலியர் கமலா:

மாலதி சொன்ன கடைசி வரியிலிருந்தே தொடர்கிறேன். கர்ப்பம், பிரசவம் என்ற பக்கம் இன்னும் வரவில்லை.

தாயிடமிருந்து குழந்தைக்குத் தொற்றுவதைத் தடுக்கலாம் என்று 1994இல் நிரூபித்த ஏ.சி.டி.ஜி. 076 ஆய்வு கடுமையான முறை: கர்ப்பத்தில் நாளுக்கு ஐந்து வேளை 100 மில்லிகிராம் ஏ.இசட்.டி., பிரசவத்தின்போது நரம்பு வழியாக, பிறந்தபின் குழந்தைக்கு ஆறு வாரம் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை. தொற்று 25.5%இலிருந்து 8.3%ஆக இறங்கியது. எந்த ஏழை நாட்டு மருத்துவமனையிலும் இது நடக்காது. 1999இல் உகாண்டாவில் லாரா குவே உள்ளிட்ட குழு மாற்றுவழி காட்டியது: வலி தொடங்கியதும் தாய்க்கு 200 மில்லிகிராம் நெவிரபின் ஒரே மாத்திரை, பிறந்த 72 மணி நேரத்துக்குள் குழந்தைக்குக் கிலோவுக்கு 2 மில்லிகிராம் சொட்டு மருந்து. தொற்று ஏறக்குறையப் பாதியானது.

இதை வெற்றிக்கதையாக மட்டும் எழுதாதீர்கள். நெவிரபின் உடலிலிருந்து வெளியேறப் பல நாளாகும். அந்த நாட்களில் மருந்து குறைந்த அளவில் தனியாக நிற்கிறது. வைரஸ் அதற்கு எதிர்ப்பைப் பழகிக்கொள்கிறது. குழந்தையைக் காப்பாற்றிய மாத்திரை, தாய்க்குப் பின்னாளில் தேவைப்படும் சிகிச்சையைக் கெடுத்தது. அதனால்தான் பிரசவத்துக்குப் பின் ஏழு நாள் ஏ.இசட்.டி., லாமிவுடின் சேர்க்கச் சொன்னார்கள். பெண்ணைத் தாயாக மட்டும் பார்க்கும் திட்டத்தில் தாயின் உடம்பு கடைசியில்தான் நினைவுக்கு வரும்.

அடுத்தது 2018. என் கருத்தில் இதற்குத் தனிப்பலகையே கொடுக்கலாம். போட்ஸ்வானாவில் ரெபெக்கா சாஷ் உள்ளிட்டோர் நடத்திய செபாமோ ஆய்வில், டோலுடெக்ராவிர் என்ற புதிய எச்.ஐ.வி. மருந்தை எடுக்கும்போது கருத்தரித்த 426 பெண்களின் குழந்தைகளில் நால்வருக்கு நரம்புக்குழாய்க் குறைபாடு (மூளை, தண்டுவடம் சரியாக உருவாகாத குறை) தெரிந்தது. 0.94%. மற்றவர்களில் 0.12%. நரம்புக்குழாய் கருத்தரித்த 28 நாளுக்குள் மூடிக்கொள்ளும். பல பெண்களுக்குத் தாம் கர்ப்பம் என்பதே அப்போது தெரியாது. எச்சரிக்கை கொடுத்தது சரி. ஆனால் சில நாடுகள் அதையே காரணமாக்கி, பிள்ளை பெறும் வயதுப் பெண்கள் எல்லாருக்கும் நல்ல மருந்தை நிறுத்தி, பக்கவிளைவு அதிகமான எஃபாவிரென்ஸிலேயே வைத்தன. ஆண்களுக்குப் புதியது, பெண்களுக்குப் பழையது.

அந்த ஜூலையில் ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றிலிருந்து எச்.ஐ.வி.யோடு வாழும் பெண்கள் கிகாலியில் கூடி அறிக்கை விட்டார்கள்: ஆபத்து எவ்வளவு, பலன் எவ்வளவு என்று எங்களிடம் சொல்லுங்கள், கருத்தடை வசதியைக் கொடுங்கள், முடிவை நாங்கள் எடுக்கிறோம். ஆய்வு தொடர்ந்து நடந்தது. 2019இல் எண் 1,683க்கு 5 என்று 0.30%ஆக இறங்கியது, பிறகு மேலும் இறங்கி மற்ற மருந்துகளோடு வித்தியாசமே இல்லாமல் போனது. 2019 ஜூலையில் உலக சுகாதார நிறுவனம் பெண்கள் உட்பட அனைவருக்கும் அதையே முதல் மருந்தாகப் பரிந்துரைத்தது. முதலில் சொன்ன 0.94% நான்கு குழந்தைகளை வைத்து வந்த சதவீதம். ஒன்றிரண்டு கூடினாலோ குறைந்தாலோ எண் பெரிதாக ஆடும்.

கடைசியாக வீட்டுப் பராமரிப்பு. 1987இல் உகாண்டாவில் நோரீன் கலீபா எய்ட்ஸ் நோயாளிகளுக்கு உதவும் டாசோ அமைப்பைத் தொடங்கியபோது சிகிச்சை மருந்தே இல்லை. நைரோபியில் எலிசபெத் ங்குகி என்ற செவிலியர் பாலியல் தொழிலாளிப் பெண்களைக் கூட்டங்களாகக் கூட்டி, அவர்களுக்குள்ளேயே தலைவிகளைத் தேர்ந்தெடுக்கச் செய்து ஆணுறைப் பழக்கத்தைப் பரப்பினார். 1988இல் அந்த முடிவு லான்செட் இதழில் வந்தது. இங்கே 1998இல் கௌசல்யா பெரியசாமி உள்ளிட்ட பெண்கள் எச்.ஐ.வி. உள்ள பெண்களின் வலையமைப்பைச் சென்னையில் தொடங்கினார்கள். பெயருள்ளவர்கள் இவர்கள். பெயரில்லாதவர்கள் செய்த வேலையை எழுதவேண்டுமானால் அதன் உள்ளடக்கத்தை எழுதுங்கள்: ஒரு லிட்டர் கொதித்தாறிய நீரில் ஆறு மட்டத் தேக்கரண்டி சர்க்கரை, அரை மட்டத் தேக்கரண்டி உப்பு கலந்து வயிற்றுப்போக்குக்குக் கொடுப்பது. உப்பு கூடினால் ஆபத்து, ஆகவே மட்டமாக அளக்கவேண்டும். படுக்கைப் புண் வராமல் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்கவைப்பது. இரத்தம் பட்ட துணியை 0.5% குளோரின் நீரில் ஊறவைத்துத் துவைப்பது, கையுறை இல்லையென்றால் பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொள்வது. இரவில் வாய்ப்புண்ணுக்கு மருந்து தடவுவது. இதைச் செய்தவர்கள் மனைவி, அம்மா, பாட்டி, மகள். "தன்னார்வலர்" என்ற ஒரே தலைப்பில் போட்டுவிட்டதால் எந்த வரவுசெலவிலும் இந்த மணிநேரங்கள் ஏறவில்லை. பள்ளியை நிறுத்திவிட்டு வந்த பெண்பிள்ளைகளும் அதில் அடக்கம்.

---

நுண்ணோக்கி:

கமலா அம்மா சொன்ன அந்த அளவுகளை அப்படியே பலகையில் போடுங்கள். டயானா பலகையை எடுத்துவிட்டு அங்கே வையுங்கள். 1987இல் எய்ட்ஸ் நோயாளியோடு அவர் கையுறை போடாமல் கைகுலுக்கியது முக்கியம்தான், ஆனால் அதற்குப் புகைப்படம் ஊரெல்லாம் கிடைக்கிறது.

---

வழக்காடு:

டயானாவை எடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை. தொட்டால் ஒட்டும் என்ற பயம் சட்டத்தாலோ ஆய்வாலோ போகவில்லை. வேண்டுமானால் அதே பலகையில் பாதி இடம் கொடுங்கள்.

---

தேன்மொழி:

பாதிப் பாதியே வைத்துக்கொள்கிறேன். மாலதி, லெனகாபவிர் பலகையில் "100% பாதுகாப்பு" என்று ஒருவர் எழுதிக் கொடுத்திருக்கிறார். விடலாமா?

---

மருந்தியல் மாலதி:

விடாதீர்கள். "2,134 பேரில் யாருக்கும் தொற்று ஏற்படவில்லை" என்று எழுதுங்கள், அது ஆய்வில் கண்டது. ஒப்பிட எண் வேண்டுமென்றால்: ஆய்வுக்கு வந்தவர்களிடையே, தடுப்பு எதுவும் இல்லாத நிலையில் ஆண்டுக்கு 100 பேருக்கு 2.41 தொற்று இருந்தது. தினசரி மாத்திரை பெற்ற இரண்டு குழுக்களில் 1,068 பேரில் 16, 2,136 பேரில் 39. ஊசி ஆறு மாதத்துக்கு ஒருமுறை. தொடக்க நாளிலும் மறுநாளும் 600 மில்லிகிராம் வீதம் மாத்திரையும் உண்டு. அதை விட்டுவிட்டால் முதல் நாட்களில் மருந்து அளவு போதுமான உயரத்துக்கு ஏறாது. சுருக்கிச் சொல்பவர்கள் பெரும்பாலும் இந்த மாத்திரைகளைத்தான் விட்டுவிடுகிறார்கள்.